வைத்த ஜன்னல் வைத்த இடத்தில்

போன பதிவில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை எழுதியிருந்தேன். இந்த முறை விஷயம் மிகச் சின்னது. கணினித் திரையில் நாலைந்து ஜன்னல்களைத் திறந்து, நமக்கு வசதியான இடத்தில் நகர்த்தி வைக்கிறோம். மறுநாள் திறக்கும்போதும் அவை அங்கேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிப்காட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஈ.டி.பி. பிரிவில் என்னோடு இருபது வருடத்துக்கு மேல் இருந்த நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சில வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடம்பின் வலப்பக்கம் பாதிக்கப்படும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. பார்வையிலும் வலப்பாதி போகலாம். கண் இரண்டும் நன்றாகவே இருக்கும், ஆனால் எந்த இடத்தைப் பார்க்கிறாரோ அதற்கு வலப்பக்கம் இருப்பது தெரியாது. இவருக்கு அதுவும் ஆயிற்று, பேச்சும் குழறியது. வலது கை பாதிதான் திரும்பியது.

ஷிப்டு முழுக்க சளைக்காமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க ஒரு நிமிடம் ஆனது. போன் பண்ணுகிறவர்கள் பாதியிலேயே "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிடுவார்கள். அதனால் அவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். தான் கல்லூரி நாளில் ஆடிய எழுத்து விளையாட்டு ஒன்றை அப்பாவின் கணினியில் போட்டுக் கொடுத்தான். படம் இல்லை, சத்தம் இல்லை. "நீ ஒரு பாலத்தின் மேல் நிற்கிறாய். வடக்கே கோட்டை தெரிகிறது" என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும். நாம் ஒற்றை எழுத்துக் கட்டளை தட்டினால் வடக்கே போகலாம். அதே உலகத்தில் அதே நேரத்தில் பல நாட்டுக்காரர்கள் உலவிக்கொண்டிருப்பார்கள், எழுத்திலேயே பேசலாம். இடது கையால் மெதுவாகத் தட்டினாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். குழறலும் யாருக்கும் கேட்காது.

இந்த விளையாட்டுகளின் வரலாறு நம் ஓசூர் சிப்காட் வளர்ந்த கதைக்குச் சமவயது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1975-76 வாக்கில் அமெரிக்காவில் வில் குரோதர் என்ற நிரலாளர் ஒரு குகை விளையாட்டை எழுதினார். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. மணவாழ்க்கை முறிந்திருந்த நேரம். தன் இரண்டு மகள்களோடு ஒட்டுதல் விட்டுப்போகாமல் இருக்க, கெண்டக்கி மாநிலத்துக் குகையை எழுத்தால் கட்டிய விளையாட்டு அது. 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதை ஒருவர் மட்டும்தான் ஆட முடியும்.

பலரும் சேர்ந்து ஆடக்கூடியது 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா தொடங்கினார், ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்தார். அதற்கு 'மட்' என்று பெயர். மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் அது ஓடியது. வெளியாட்கள் தொலைபேசி வழியாக உள்ளே வரலாம், ஆனால் பகலில் அல்ல. கணினிக்கு வேறு வேலை இல்லாத பின்னிரவில்தான். இதை நினைவில் வையுங்கள், ஓசூருக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தக் கணினிகளோடு பேச டெர்மினல் வேண்டும். அதே 1978-ல் டிஜிட்டல் நிறுவனம் வி.டி.100 என்ற டெர்மினலைக் கொண்டுவந்தது. வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி. இந்த 80 என்ற கணக்கு 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வந்தது. அட்டையில் 80 பத்தி இருந்ததால் திரையிலும் 80 எழுத்து. எங்கள் ஈ.டி.பி. அறையில் இருந்தவை அதே முறையில் இயங்கிய டெர்மினல்கள். ரயில்வே முன்பதிவு 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிக் கணினிக்கு மாறியபோது, கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் பார்த்த திரைகளும் இந்தக் குடும்பம்தான்.

வி.டி.100-ல் எனக்கு மிகப் பிடித்தது 'செட்-அப்' என்ற பொத்தான். திரை கறுப்பா வெள்ளையா, எழுத்து குதித்து நகர வேண்டுமா வழுக்கி நகர வேண்டுமா, டேப் எங்கெங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் அதில் மாற்றலாம். மாற்றியதை ஷிப்ட்டோடு எஸ் தட்டினால் சேமிக்கும். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் ஒன்று உள்ளே உண்டு. யாராவது குளறுபடி செய்தால் ஷிப்ட்டோடு ஆர் தட்டினால் போதும், சேமித்தபடி திரும்ப வந்துவிடும். இரவு ஷிப்டுக்காரர் திரையை வெள்ளையாக்கிவிட்டுப் போவார். காலையில் வந்ததும் நான் முதல் வேலையாக அந்த ஆரைத் தட்டுவேன். இரவு ஷிப்டுக்காரர் வேறு யாருமில்லை, இதே நண்பர்தான். அவருக்கு வெள்ளைத் திரை பிடிக்கும், எனக்குக் கறுப்பு. நான் சேமித்ததை அவர் ஒருநாளும் அழித்ததில்லை. அதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அச்சை மாற்றும்போது செட்டர் பழைய இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைப்பார். அடுத்த முறை அதே பாகம் வரும்போது மறுபடி அளந்து அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டெர்மினல் செய்ததும் அதையேதான். இன்னும் சின்ன அளவிலும் அது நடந்தது. வி.டி.100-க்கு எஸ்கேப்பும் 7-ம் அனுப்பினால் கர்சர் இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும். எஸ்கேப்பும் 8-ம் அனுப்பினால் அங்கே திரும்பிப் போகும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லியில் கென் அர்னால்டு 'கர்சஸ்' என்ற நிரல் தொகுப்பை எழுதினார். எழுத்துத் திரையையே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி ஜன்னலாக நடத்த அது வழி செய்தது. அதை முதலில் பிரபலமாக்கியது 'ரோக்' என்ற எழுத்து விளையாட்டுதான். ஆபீஸ் வேலைக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் ஜன்னல் தேவைப்பட்டது!

ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன். 1980-களின் கடைசியில் மட் விளையாட்டுகள் பெருகின. 1989-ல் அமெரிக்காவில் டைனிமட், ஸ்வீடனில் எல்.பி.மட், 1991-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிக்குமட். இவற்றுக்குள் டெல்நெட் என்ற வெறும் தொடர்பு நிரல் வழியாகத்தான் போவார்கள். டெல்நெட்டுக்கு ஒரே ஜன்னல். வரும் எழுத்தும் நாம் தட்டும் எழுத்தும் ஒரே இடத்தில் விழும். நீங்கள் ஒருவருக்கு நீளமாகப் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் "ஓநாய் உன்னைக் கடிக்கிறது" என்று வந்து விழும். உங்கள் வாக்கியத்தின் தலை மேலே போய்விடும், வால் கீழே கிடக்கும். என்ன தட்டினோம் என்பதே தெரியாது.

இதைத் தீர்க்க வந்தவைதான் கிளையன்ட் எனப்படும் தனி நிரல்கள். யூனிக்ஸில் டைனிஃபியூக் திரையை இரண்டாகப் பிரித்தது. மேலே வருவது, கீழே நாம் தட்டுவது. நம் விருப்பங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத் தொடங்கும். 1990-களின் நடுவில் விண்டோஸ் கணினிக்கு இரண்டு நல்ல கிளையன்ட்கள் வந்தன. மைக் பாட்டர் எழுதிய இசட்மட் ஒன்று, ஆஸ்திரேலியாவின் நிக் கேமன் எழுதிய மஷ்கிளையன்ட் இன்னொன்று. நிறம், எழுத்தளவு, சுருக்கக் கட்டளைகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்க முடிந்தது. பேச்சை மட்டும் பிரித்தெடுத்து வேறு ஜன்னலில் காட்டவும் முடிந்தது.

இனி ஓசூர்.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. பெங்களூருக்கும் விரைவில் வந்தது. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு இருந்தது. அதில் படம் வராது, எழுத்து மட்டும்தான். படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். மட் ஆடும் பையன்களுக்கோ அதுவே போதும். நண்பரின் மகன் அப்போது பெங்களூரில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். சனி ஞாயிறு ஓசூர் வந்தால், வீட்டுத் தொலைபேசியில் மோடத்தை மாட்டி 080 போட்டுப் பெங்களூருக்குக் கூப்பிடுவான். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வேறு மாநிலம், எஸ்.டி.டி. இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால் பங்கு என்பதால் பதினொன்று அடித்ததும் மோடம் கீச்சிடும். எசெக்ஸில் பின்னிரவில் உள்ளே வந்தவர்களும் நம் ஓசூர்ப் பையனும் ஒரே ஜாதி.

ஒரு மாதம் தொலைபேசி பில் வந்ததும் நண்பர் மோடத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் டீ இடைவேளையில் என்னிடம், "வெறும் எழுத்துய்யா! அதைப் பார்க்க இவ்வளவு ரூபாயா!" என்று பொருமினார். மகன் சில மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்த வெறும் எழுத்துதான் இன்று அவருக்கு வாய்.

ஜெனிசிஸ் 1989-லிருந்தும், ஃபின்லாந்தின் பேட்மட் 1990-லிருந்தும், டிஸ்க்வேர்ல்டு மட் 1991-லிருந்தும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண் பார்வை அறவே இல்லாதவர்கள்கூட, திரையைப் படித்துச் சொல்லும் நிரலை வைத்துக்கொண்டு இவற்றில் சரிசமமாக ஆடுகிறார்கள். படம் இல்லாதது அவர்களுக்குக் குறையில்லை.

மகன் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்த கிளையன்ட் முட்லெட். பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கிவரும் திறந்த மூல நிரல். அதற்குள் நாமே நிரல் எழுத லுவா என்ற மொழி இருக்கிறது. 1993-ல் பிரேசிலில், ரியோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிறந்தது. போர்ச்சுகீசியத்தில் லுவா என்றால் நிலா.

மகன் தன் திரையில் இருப்பது போலவே அப்பாவுக்கும் ஜன்னல்களை அமைத்துக் கொடுத்திருந்தான். நடுவில் கதை, வலப்பக்கம் மேலே பேச்சு, வலப்பக்கம் கீழே வரைபடம். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். முதல் வாரம் முழுக்க மகன் அங்கிருந்து பேச்சு ஜன்னலில் எழுதிக்கொண்டே இருந்தான். அப்பா பதிலே போடவில்லை. "அப்பாவுக்குப் பிடிக்கலை போல, அங்கிள்" என்று எனக்குச் செய்தி அனுப்பினான்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகன் எழுதியது வலது ஓரத்தில் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அப்படியொரு ஜன்னல் இருப்பதே தெரியவில்லை. பிடிக்காமல் இல்லை, கண்ணில் படவில்லை.

அன்று மாலை எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளினேன். இடது மேல் மூலையில் பேச்சு, கறுப்பின் மேல் மஞ்சள் எழுத்து, பெரிய அளவில். அதன் கீழே கதை. வரியின் கடைசிச் சொற்களை அவர் விட்டுவிடுவதைக் கவனித்து, 80 எழுத்தில் மடங்கிய வரியை 40 எழுத்தில் மடங்க வைத்தேன். திரையின் வலப்பாதி காலி. அவர் அதைப் பார்த்துச் சிரித்து, கஷ்டப்பட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்: "பொட்டல்."

பிறகு மஞ்சள் எழுத்தைப் படித்தார். ஒரு வாரமாக மகன் எழுதியது அத்தனையும் அங்கே இருந்தது. மேலே உருட்டி உருட்டிப் படித்தார். நான் காப்பி குடிக்கச் சமையலறைப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் மாலை அவர் மனைவி போன் பண்ணினார். "அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பழையபடி ஆயிடுச்சு." கணினியை அணைத்துத் திறந்ததும் ஜன்னல்கள் மகன் வைத்த இடத்துக்கே போய்விட்டன. போய்ச் சரிசெய்தேன். அதற்கடுத்த நாளும் அதே. கிட்டத்தட்ட மூன்று வாரம் தினமும் ஆறரை மணிக்கு அந்த வீட்டில் என் வேலை ஜன்னல் நகர்த்துவது. எனக்கு அதில் சந்தோஷம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு யாரோ காத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் ஒருநாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அன்று அவர் கணினியைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டுப் படுத்துவிட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஈ.டி.பி. ஆள் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்ட நான், அவரை என் வருகைக்குக் காக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முட்லெட்டின் கட்டளைப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். ஜன்னல் அமைப்பைச் சேமிக்க ஒரு கட்டளை, சேமித்ததைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு கட்டளை. வி.டி.100-ன் அதே எஸ், அதே ஆர்! நாற்பது வருடம் கழித்து வேறு உடுப்பில் நிற்கின்றன.

முதல் முயற்சியில் வேலை செய்யவில்லை. காரணம் எளிமையானது, ஆனால் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சேமிக்கப்படுவது திரையின் படம் அல்ல, எந்தப் பெயருள்ள ஜன்னல் எங்கே, எவ்வளவு அகலம் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனிப் பெயர் வேண்டும், அந்தப் பெயர் மாறக் கூடாது. முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், அதன் பிறகுதான் திரும்பக் கொண்டுவரும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். ஆள் வருவதற்கு முன்பே நாற்காலியைக் காட்டினால் யார் உட்காருவது?

வரிசையை மாற்றினேன். அணைத்தேன், திறந்தேன். மஞ்சள் எழுத்து இடது மூலையில் வந்து நின்றது. நண்பரை மூன்று முறை அணைத்துத் திறக்கச் சொன்னேன். மூன்று முறையும் வந்தது. பிறகு அந்தக் கோப்புகள் இருந்த அடைவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, மேலே சீட்டு ஒட்டி, அவர் மனைவியிடம் கொடுத்தேன். நாளைக்குக் கணினியை யாராவது துடைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடக் கூடாதே. அவர் அதைப் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

கணினி வரலாறு என்றால் பெரிய இயந்திரங்களையும் பெரிய முதலாளிகளையும்தான் எழுதுகிறார்கள். ஒருவர் தன் பொருளை எங்கே வைத்தாரோ அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று நினைத்து நிரல் எழுதியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நன்றாகப் பார்க்கிறவனுக்கு அது வெறும் வசதி. பாதி திரை மட்டுமே உள்ளவருக்கு, அடுத்தவரைக் கூப்பிடாமல் தானே உட்காரலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அடுத்த நாள் ஆறரை மணிக்கு போன் வரவில்லை. ஏழு மணி வரை பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு நானே கிளம்பிப் போனேன். அவர் திரை முன்னால் உட்கார்ந்து இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார், மகன் அந்தப் பக்கம். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். தன் இடப்பக்கத்து நாற்காலியை.

இப்போதும் வாரத்தில் நாலு நாள் போகிறேன். ஜன்னல் நகர்த்த அல்ல, காப்பிக்கு.